பாபநாசத்தில் ஆடாமல் எடுத்த ஒரே படம்

முப்பத்திரண்டு வருடம் நான் சம்பளம் வாங்கியது இரண்டே வாக்கியத்துக்கு. "மூச்சை இழுத்துப் புடிச்சுக்கங்க, ஆடாதீங்க" என்பது ஒன்று. "மூச்சு விடலாம்" என்பது இன்னொன்று. கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நோயாளி துளி ஆடினாலும் படம் வீண், மறுபடி எடுக்க வேண்டும், டாக்டர் ஒரு முறைப்பு முறைப்பார். அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற மறு வருடமே ஒரு கேமரா வாங்கி, அதை வேண்டுமென்றே ஆட்டி ஆட்டிப் படம் எடுக்கத் தொடங்கினேன். ஏதாவது வேண்டுதலா என்று என் கணவர் கேட்டார்.

வேண்டுதல் இல்லை, கலை. உலகம் முழுக்க இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கேமராவின் ஷட்டரை அரை விநாடியோ ஒரு விநாடியோ திறந்து வைத்து, அதற்குள் கேமராவை மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ இழுக்க வேண்டும். தென்னந்தோப்பு பச்சைக் கோடுகளாகிவிடும், ஆறு வெள்ளித் தீற்றலாகிவிடும், ஆட்கள் தண்ணீரில் கரைந்த வண்ணம் மாதிரி நிற்பார்கள். நன்றாக வந்தால் அது ஓவியம். வராவிட்டால் வெறும் ஆடிப்போன படம். இரண்டுக்கும் வித்தியாசம் பிடிபட எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. என் கணவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதை இணைய வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் டென்மார்க்கில் இருக்கும் ஓர் அம்மாள். அவர் ஊரில் பழைய தானியக் கிடங்கு ஒன்றில் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னார். தலைப்பு, அரிசி. ஆளுக்குப் பன்னிரண்டு படம், ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். "உனக்கென்ன, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலை எடுத்தால் போதுமே" என்றார் ஆங்கிலத்தில். என் வீட்டுக்குப் பின்னால் இருப்பது மோட்டார் காயில் கட்டும் பட்டறை. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. "ஆமாம்" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை காலை தஞ்சாவூரில் போய் இறங்கினேன்.

தஞ்சாவூரில் இறங்கியவள் பெரிய கோயிலைப் பார்க்காமல் போனால் ஆட்டோக்காரர்கூட மதிக்க மாட்டார் என்பதால் அங்கே போனேன். கோபுரத்துக்கு எதிரே நின்று, ஷட்டரை அழுத்தி, கேமராவைத் தரையிலிருந்து வானம் வரை ஒரே இழுப்பாக இழுத்தேன். பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்த வழிகாட்டி ஆவலாக எட்டிப் பார்த்தார். பின்பக்கத் திரையில் கோபுரம் சந்தன நிறப் புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஆயிரம் வருசமா ஆடாம நிக்கிதுன்னு இப்பத்தான் இவங்ககிட்ட சொல்லி முடிச்சேன் மேடம்" என்றார் அவர். "நீங்க ஒரே நிமிசத்துல ஆட்டிப்புட்டீங்களே!"

அந்தக் குடும்பமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

கும்பகோணத்தில் தங்க ஏற்பாடு. போகிற பஸ்ஸில்தான் அந்த விபத்து நடந்தது. குறுவை அறுவடை முடிந்த சமயம், சாலையின் ஒரு பாதியில் கிலோமீட்டர் கணக்கில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் போகும் பஸ், வரும் பஸ், டிராக்டர் எல்லாமே. எங்கள் டிரைவர் ஒரு டிராக்டரைக் கண்டு பிரேக் போட்ட போட்டில், என் மடியிலிருந்த கேமரா பறந்து போய், எதிர் சீட்டு அம்மாளின் காலடியிலிருந்த பித்தளை அண்டாவின் விளிம்பில் மூக்கை முட்டிக்கொண்டது. அந்த அம்மாள் அலறிப்போய் அண்டாவைத் தூக்கித் தடவிப் பார்த்தார். "நெளியல, நெளியல" என்று பஸ்ஸுக்கே அறிவித்தார். நெளிந்தது என்னுடையது.

லென்ஸ் தப்பித்தது. அதன் முன்னால் திருகி மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியின் வளையம்தான் நசுங்கியிருந்தது. இந்தத் தொழிலில் அந்தக் கண்ணாடி முக்கியம். பகல் வெளிச்சத்தில் ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்தால் படம் வெளுத்துப் போகும், அதனால் கேமராவுக்கு ஒரு கூலிங் கிளாஸ் போட்டுவிடுவது. இப்போது அது கழற்ற முடியாதபடி இறுகிவிட்டது. கழன்றால் என்ன, கழலாவிட்டால் என்ன, நான் எடுக்கப் போவதெல்லாம் ஆட்டுகிற படம்தானே என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் பத்து கடை தாண்டினால் ஒரு கடையில் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று போர்டு தொங்கும், பித்தளை டபராவில் தருவார்கள். அசல் கும்பகோணத்தில் நான் குடித்த முதல் காபி காகிதக் கப்பில் வந்தது. ஆனால் மறுநாள் காலை இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்து குழைந்து, சோம்பு மணத்தோடு. இரண்டு இட்லி என்று உட்கார்ந்தவள் ஆறோடு எழுந்தேன். கடப்பாவுக்காகக் காகிதக் கப்பை மன்னித்தேன்.

வியாழக்கிழமை, பக்கத்திலிருக்கும் பாபநாசத்தைச் சுற்றி வயல்வெளி. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை வந்து கண்ணை நிறுத்திவிடும். இங்கே நிறுத்த ஒன்றுமே இல்லை, பார்வை போய்க்கொண்டே இருக்கிறது. எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டு ஊரைக் கூட்டிப் பார்க்கிற சமாச்சாரம். இங்கே வாய்க்காலில் அது யாரையும் கேட்காமல் ஓடுகிறது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவே இருந்தது.

ஒரு மதகின் மேல் நின்று கேமராவை இடமிருந்து வலமாக வீசிக்கொண்டிருந்தேன். திடீரென்று யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். வாய்க்காலில் மாடு கழுவிக்கொண்டிருந்த மனிதர், ஈரக் கையோடு ஓடி வந்திருக்கிறார்.

"கை நடுங்குது மேடம், அப்பவே புடிச்சுப் பாக்குறேன். நான் தாங்கிக்கிறேன், நீங்க எடுங்க" என்றார்.

நடுக்கம் இல்லை, நானே ஆட்டுகிறேன் என்று விளக்கினேன். அவர் முகத்தில் இருந்த பரிதாபம் இன்னும் கூடிற்று. "எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தாங்க. ஒத்துக்கவே மாட்டாரு" என்றார்.

அவரிடமிருந்து தப்பி அரைக் கிலோமீட்டர் நடந்தேன். தோளில் பச்சைத் துண்டு போட்ட ஒருவர் மொபெட்டைக் குறுக்கே நிறுத்தினார். வயலில் கருவியோடு திரியும் வெளியூர்க்காரர்களை இங்கே யாரும் லேசில் விடுவதில்லை. மண்ணுக்கடியில் எரிவாயு தேடி வருகிறவர்கள் என்ற சந்தேகம், அந்தக் கோபத்துக்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது.

"எந்த கம்பெனிங்க நீங்க? குழாய் போட அளக்குறீங்களா?"

"கம்பெனி எல்லாம் இல்லீங்க. சும்மா போட்டோங்க."

"எங்க, காட்டுங்க."

காட்டினேன். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். பச்சைப் புகை, மஞ்சள் புகை, நீலக் கோடு, மறுபடி பச்சைப் புகை. கடைசியில் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மொபெட்டை உதைத்தார். "இத வெச்சுக்கிட்டு எவனும் இங்க ஒரு குழி தோண்ட முடியாது. நீங்க போங்கம்மா" என்றார். என் படங்களுக்கு இதுவரை கிடைத்த நற்சான்றுகளில் இதுதான் உருப்படியானது.

வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது படம் தேறியிருந்தது. மூன்று பாக்கி. அன்று காலை ஒரு வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பதினோரு பெண்கள், புடவைக்கு மேல் ஆம்பிளை முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு, குனிந்த வரிசையாகப் பின்னால் நகர்ந்தார்கள். ஆரஞ்சு, நீலம், கட்டம் போட்ட பச்சை. என் கேமராவுக்கு விருந்து. வரப்பில் கால் வைத்து இரண்டு படம் எடுத்திருப்பேன், வரிசையிலிருந்து ஒருத்தி ஓடி வந்து கைப்பிடிக் கட்டாக ஒரு முடி நாற்றை என் காலடியில் வைத்தாள். மற்றவர்கள் நிமிர்ந்து குலவை போட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நடவு நேரத்தில் புது ஆள் வரப்புக்கு வந்தால் இப்படி நாற்று வைத்து மறிப்பது இங்கே வழக்கமாம். கையில் இருப்பதைக் கொடுத்தால்தான் வழி. நான் பர்ஸைத் திறந்தேன்.

"காசெல்லாம் வேணாங்க்கா" என்று ஒரு குரல். வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த பெண். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும், நல்ல கறுப்பு, பெரிய கண். அவள்தான் இந்த நடவு செட்டின் தலைவி மல்லிகா. வயல் பேசுவது, ஆள் கூட்டுவது, வேலை வாங்குவது எல்லாம் அவள். இந்த வருடம் மூச்சு வாங்குகிறது என்று வயலில் இறங்கவில்லை, வாய் மட்டும் இறங்கி வேலை செய்கிறது. "காசு எல்லாருந்தான் குடுப்பாங்க. நீங்க ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. தெளிவா இருக்கணும். ஆறடிக்குப் பெருசு பண்ணாலும் ஒடையக் கூடாது."

"ஆறடி எதுக்குங்க?"

"கண்ணீர் அஞ்சலி போர்டுக்கு."

"ஐயோ, யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

வயலிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. மல்லிகா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், இருதயத்தில் வால்வு மாற்றப் போகிறார்கள் என்று, ஏதோ ரேஷன் கடைக்குப் போகிற மாதிரி சொன்னாள்.

"போன தையில எங்க செட்டு சரோஜா போய்ச் சேந்துட்டா" என்று தொடர்ந்தாள். "சாவு வீட்டுல எவன் போட்டோ தேடுவான்? ஆதார் கார்டுல இருந்து எடுத்து ஆறடிக்குப் போர்டு வெச்சுட்டானுங்க. நீங்க பாக்கணுமே! கோழி திருடிப் புடிபட்டவ மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கிறா. அவ எப்பேர்ப்பட்ட அழகி தெரியுமா? பஸ் ஸ்டாப்புல பதினாறு நாளு அப்படியே நின்னா. எனக்கு அந்தக் கதி வேணாங்க்கா. பொழச்சு வந்தா சந்தோசம். வரலைன்னா நிக்கப் போறது நானு, நல்லா நிக்கணும்ல?"

செல்போனில் எடுத்தால் என்ன என்றேன். எடுத்துப் பார்த்துவிட்டார்கள், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது என்று போர்டு கடைக்காரர் சொல்லிவிட்டாராம். ஸ்டுடியோ?

"போனேன். கம்ப்யூட்டர்ல என்னை வெள்ளையாக்கி, கன்னத்துல ரோஸ் தடவிக் குடுத்தான். அத வெச்சா ஊருல ஒருத்தி எனக்காக அழ மாட்டா. யாரோ செத்துட்டாங்கன்னு தாண்டிப் போயிடுவாளுங்க."

இதற்கு மேல் மறுக்க என்னிடம் காரணம் இல்லை. இறுகிய கறுப்புக் கண்ணாடியோடு எடுத்தேன். கையில் பிடித்துப் பார்த்தேன், மூச்சடக்கிப் பார்த்தேன், நாற்றுக்கட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். கேமராவில் ஒளி உணர்வைக் கூட்டினால் முகமெல்லாம் ரவை கொட்டிய மாதிரி புள்ளி, குறைத்தால் ஷட்டர் அரை விநாடி திறந்திருக்க வேண்டும், முகம் புகை. அவளோ பேச்சை அரை விநாடிகூட நிறுத்துகிறவள் இல்லை. திரையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உசுரோட இருக்கையிலேயே ஆவியா எடுத்துட்டீங்க?" என்றாள். பதினோரு பேரும் சேற்றில் கை ஊன்றிச் சிரித்தார்கள்.

இதற்கு முன் என்ன வேலை பார்த்தேன் என்று அப்புறம் கேட்டாள். சொன்னேன். உடனே மரத்தடியிலிருந்த மஞ்சப் பையை எடுத்து வரச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் காகிதங்களை வீட்டில் வைத்தால் மகள் எடுத்துப் படித்துவிட்டு அழுகிறாளாம், அதனால் வயலுக்குக் கொண்டு வருகிறாள். உள்ளேயிருந்து எக்ஸ்ரேயை உருவி என் கையில் கொடுத்தாள்.

வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். சுத்தமான படம், துளி ஆடவில்லை, எடுத்தவர் கெட்டிக்காரர். இருதயம் தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்து வயலையும் சேர்த்து வளைத்துப் போட்டிருந்தது.

"எப்படிக்கா இருக்கு? டாக்டரு இங்கிலீசுல சொல்றாரு, எம்மவ தலைய ஆட்டுறா, என்கிட்ட ஒண்ணுமில்லம்மாங்கிறா. நீங்க சொல்லுங்க."

"டாக்டர்தானுங்க சொல்லணும்" என்றேன். முப்பத்திரண்டு வருடமாகச் சொன்னது, தானாக வந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டாள். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல படம் எடுத்துத் தருகிறேன், இது சத்தியம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

சனிக்கிழமை கும்பகோணத்தில் கேமரா பழுது பார்க்கும் கடையைத் தேடினேன். ஒருவர் பூட்டியிருந்தார், இன்னொருவர் கல்யாண வீடியோவுக்குப் போயிருந்தார். லாட்ஜ்காரர்தான் பாத்திரப் பட்டறைக்கு வழி காட்டினார். பித்தளைக் குடங்களுக்கு நடுவே மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த பட்டறைக்காரர் கேமராவை வாங்கி, ஒரு குடத்தைப் பார்ப்பது போலவே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கறுப்புக் கண்ணாடி எதுக்கும்மா?"

"வெளிச்சத்தைக் குறைக்கங்க."

"வெளிச்சம் பத்தலைன்னுதான் எல்லாரும் லைட்டு போடுவாங்க?"

துணி சுற்றித் திருகினார், ரப்பர் வைத்துத் திருகினார், வளையத்தைச் சூடு காட்டித் திருகினார். அசையவில்லை. கடைசியில் ஒரு மெல்லிய ரம்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "வளையத்த அறுத்தாத்தான் வரும். கண்ணாடி தப்பாது. உள்ள இருக்குற லென்ஸ் தப்பிக்கும். அறுக்கவா?"

என் யோசனை எவ்வளவு கேவலமாக ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அறுத்தால் கண்காட்சிக்குப் பாக்கி மூன்று படம் போயிற்று. இந்த ஊரில் வேறு கறுப்புக் கண்ணாடி கிடையாது, கெடு நாளை. பன்னிரண்டுக்கு ஒன்பதோடு போய் நிற்க வேண்டும். பேசாமல் இப்படியே பஸ் ஏறிவிட்டால் மல்லிகா என்னை எங்கே வந்து தேடப் போகிறாள்? அவள் கையில் என் நம்பர்கூட இல்லை. ஒரு நிமிடம் இல்லை, நிஜமாகவே ஐந்து நிமிடம் அந்தப் பட்டறை வாசலில் இப்படி நின்றேன். அப்புறம் அந்த எக்ஸ்ரே ஞாபகம் வந்தது. "அறுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் தெருவுக்குப் போனபோது நடவு செட்டு மொத்தமும் அங்கே இருந்தது. மல்லிகா அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையக் கதம்பம் வைத்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் கவிதா கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்கிறவள். எனக்குக் காபி கொடுத்துவிட்டு, "வீட்டுல பிரேம் போட்டு மாட்டத்தான ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து மல்லிகா கண்ணால் மிரட்டினாள். "ஆமாம்மா" என்றேன்.

சிக்கல் அப்புறம்தான் ஆரம்பித்தது. வரப்பில் ஊரையே சிரிக்க வைத்த பெண், கேமராவைத் தூக்கியதும் கல்லாகிவிட்டாள். தோள் இறுகி, கண் விரிந்து, வாய் ஒட்டி, சாட்சாத் ஆதார் அட்டை. பத்துப் படம் எடுத்தேன், பத்தும் ஆதார் அட்டை. செட்டுப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தலையைச் சாய்க்கச் சொன்னாள் ஒருத்தி, கன்னத்தில் விரல் வைக்கச் சொன்னாள் இன்னொருத்தி. மல்லிகா ஒவ்வொருத்தியையும் திட்டத் திரும்பி, திட்டி முடித்து, மறுபடி கல்லானாள். எனக்குப் பொறுமை போயிற்று. என்னையும் அறியாமல் பழைய குரல் வந்துவிட்டது.

"மூச்சை இழுத்துப் புடிச்சுக்கங்க. ஆடாதீங்க!"

அவள் அப்படியே செய்தாள். நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினாள். ஒரு விநாடி, இரண்டு விநாடி. உதடு கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அடிப்பாவி, யாரைப் பார்த்து என்ன சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மூச்சு விடுங்க! விடுங்க மல்லிகா, விட்டுடுங்க!" என்று கத்தினேன்.

அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. ஒரு இருமல், அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு. "என்னக்கா, எக்ஸ்ரேன்னே நெனச்சுட்டீங்களா!" என்றாள், கண்ணில் தண்ணீரோடு. அதற்குள் என் விரல் ஷட்டரை அழுத்தியிருந்தது.

இத்தனை வருடம் ஆயிரக்கணக்கானவர்களை மூச்சடக்க வைத்து எடுத்திருக்கிறேன். மூச்சு விட்ட பிறகு அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை, அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். அது இப்படித்தான் இருந்திருக்கும் போல. மல்லிகா கேமராவை இரண்டு கையாலும் வாங்கி, திரையைக் கண்ணருகே கொண்டு போனாள்.

"நானேதான்" என்றாள் அப்புறம்.

பஸ் ஸ்டாப் வரை வழியனுப்ப வருகிறேன் என்று அடம் பிடித்து, தெருமுக்கு வரை வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. மறுபடி கேட்டாள். "இப்ப எம்மவ இல்ல. சொல்லுங்கக்கா, பொழைப்பனா?"

டாக்டரைக் கேளுங்கள் என்று இந்தத் தடவை வாயில் வரவில்லை. "இருதயம் பெருசா இருக்குதுங்க. பயமாத்தானுங்க இருக்குது. ஆனா இதே மாதிரி பெருசானவங்க ஆபரேசன் முடிஞ்சு, அவங்க கால்லயே நடந்து வந்து, மறுபடி எங்கிட்ட எக்ஸ்ரே எடுத்திருக்காங்க. பாத்திருக்கேனுங்க."

"வராதவங்க?"

"வராதவங்க எக்ஸ்ரேக்கு எப்படீங்க வருவாங்க?"

"அதுவும் சரிதான்" என்றாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை கதம்ப வாசனையோடு சொரசொரவென்றிருந்தது. எனக்கு அழுகை வந்தது, தூரத்தில் பஸ்ஸும் வந்தது.

டென்மார்க்குக்கு ஒன்பது படம் அனுப்பி, உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யும் அனுப்பினேன். அவர்கள் ஏழு எடுத்துக்கொண்டார்கள். ஆறாவது படத்தில் எது மேல்பக்கம் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. எனக்கே தெரியவில்லை, குத்துமதிப்பாக ஒரு பக்கத்தைச் சொன்னேன். மல்லிகாவின் படத்தை அன்றைக்கே கவிதாவுக்குப் பெரிய அளவில் அனுப்பிவிட்டேன்.

ஆபரேஷன் நாள் போயிற்று. அதற்கு அடுத்த நாளும் போயிற்று. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். ஒரு வாரம் ஆகி, இரண்டு வாரமும் ஆனது. கவிதாவும் கூப்பிடவில்லை. கணவர் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது வாட்ஸப்பில் கவிதாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை, படம் மட்டும். எங்கள் வீட்டு இணையம் வழக்கம்போல மக்கர். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அதன் பின்னால் படம் கலங்கலாகத் தெரிந்தது. மேலே சிவப்பு, நடுவில் அரக்கு, கறுப்பு, கீழே மஞ்சளும் வெள்ளையும். வகுப்பில் காட்டினால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். நீள்சதுரமாக நிமிர்ந்து நின்ற அது ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு என்பது மட்டும் புரிந்தது. போர்டில் எழுத்து இருந்தது. என்ன எழுத்து?

ஜன்னல் பக்கம் ஓடினேன், மொட்டை மாடிக்கு ஓடினேன். கலங்கலான ஒரு படத்தை என் வாழ்நாளில் இப்படி வெறுத்ததில்லை. தெளிவாகு, தெளிந்து தொலையேன் என்று போனைக் கையில் பிடித்து நிஜமாகவே திட்டினேன். வட்டம் நின்றது.

ஆறடி மல்லிகா, கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றாள். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'வருக! வருக!' அதற்குக் கீழே, 'அறுவை சிகிச்சை முடிந்து நலமுடன் இல்லம் திரும்பும் எங்கள் தலைவி மல்லிகா அக்காவை வரவேற்கும் நடவு செட்டுத் தோழிகள்.' நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

அதற்குள் குரல் பதிவு ஒன்று வந்தது. மல்லிகாதான். பக்கத்தில் மகள் இருக்கிறாள் போல, ரகசியமாகப் பேசினாள்.

"அக்கா, போர்டு பாத்தீங்களா? தையலு பிரிச்சாச்சு, நேத்துதான் வீட்டுக்கு வந்தேன். நான் சொல்லச் சொல்லக் கேக்காம இவளுக எடுத்து வெச்சுட்டாளுக. ஊரே பாத்துட்டு, சூப்பரு சூப்பருங்குது. என்ன பண்றது, அந்தப் போட்டோ செலவாயிடுச்சுக்கா. வரவேற்புக்கு வெச்சதையே அதுக்கும் வெச்சா நல்லாவா இருக்கும்? நீங்கதான் வந்து வேற ஒண்ணு எடுத்துக் குடுக்கணும். ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா வாங்க."